சராசரி வேண்டாம்

ராயப்பனுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் உறுதி செய்த வாரத்திலேயே கம்பெனியிடமிருந்து பதில் வந்துவிட்டது. நிலவில் அவர் வேலை பார்த்த ஆண்டுகளில் அவர் உடலில் பட்ட கதிர்வீச்சு, அனுமதிக்கப்பட்ட அளவில் பாதிகூட இல்லை. ஆகவே நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை. விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்.

அவர் மனைவி ஞானப்பூ அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்தாள். இருவரும் தூத்துக்குடியில் ஒரே தெரு.

"இது நெசமா பொய்யான்னு மட்டும் பாத்துச் சொல்லு ஜெசி. எனக்கு வேற யாரைத் தெரியும்?"

ஜெசிந்தா இணையப் படிவங்கள் செய்பவள். கல்லூரி விண்ணப்பம், குடிநீர் இணைப்பு, பாஸ்போர்ட் தேதி மாற்றம் என்று ஊரில் பாதிப் பேர் நிரப்பிச் சலித்த கட்டங்களை வரைந்தது அவள்தான். கதிர்வீச்சு பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கணவன் கஸ்பார் இப்போது அதே சுரங்கத்தில்தான் இருந்தான். அதனால் ஞானப்பூவின் கேள்வி அவளுடைய கேள்வியும்தான்.

நிலவின் தென்முனைப் பள்ளம் ஒன்றில், வெயிலே படாத இருட்டில், பனிக்கட்டியை வெட்டி எடுத்து ராக்கெட் எரிபொருளாக மாற்றும் சுரங்கம் அது. முதலில் வட நாட்டுச் சுரங்கங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். அந்த இருட்டில், முதுகில் கட்டிய காற்றை அளந்து அளந்து மூச்சு விடுவது பலருக்கு ஒத்துவரவில்லை. பிறகுதான் யாருக்கோ தூத்துக்குடியில் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களின் நினைவு வந்தது. கலங்கிய நீரில் கைத்தடவலில் வேலை செய்து பழகியவர்கள், காற்று தீரும் நேரத்தை உடம்பாலேயே அறிந்தவர்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏறினார்கள். ஒரு காலத்தில் துபாய்க்குப் போனதைப் போல இப்போது நிலவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஒவ்வொருவர் உடையிலும் மார்பில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குக் கருவி இருந்தது. கதிர்வீச்சை அளக்கும் கருவி. அது கம்பெனியுடையது அல்ல. விண்வெளிக் கதிர்களை ஆராயும் பன்னாட்டுத் திட்டம் ஒன்றுக்காக வைத்தது. அதில் சேரும் தரவெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது ஒப்பந்தம். உதகையில் ஓர் ஆய்வுக்கூடம் அதற்கான சர்வரை நடத்தியது.

ஜெசிந்தா அந்தத் தளத்தைத் திறந்தாள். மூன்றே கட்டங்கள். எந்த முகாம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. நிரப்பி அழுத்தினால் ஒரே ஓர் எண் வந்தது. முகாமில் இருந்த எல்லோருக்கும் சேர்த்துச் சராசரி.

"அவிய ஒருத்தருக்கு எவ்வளவுன்னு பாக்க முடியாதா?" என்றாள் ஞானப்பூ.

ஜெசிந்தா திரையின் மேலே முகவரி வரியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இங்க பாருங்கக்கா. இந்தப் படிவம் ஒரு குமாஸ்தா மாதிரி. நாம சொல்லுததை ஒரு வரியா எழுதி உள்ள அனுப்பும். உள்ள இருக்க சர்வர் யாரு என்ன கேட்டாலும் குடுத்துரும். அது இல்லன்னு சொல்லவே இல்ல. இந்தக் குமாஸ்தாதான் நாம கேக்காமலே கடைசில 'சராசரி மட்டும் போதும்'னு சேத்து எழுதிருக்கான்."

அவள் வரியின் கடைசித் துண்டை அழித்துவிட்டு அழுத்தினாள். கணினி சற்று நேரம் திணறியது. பிறகு எண்கள் கொட்டத் தொடங்கின. ஒவ்வோர் உடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் எண். திரை நிற்காமல் கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றே அவள் ஆய்வுக்கூடத்துக்கு எழுதினாள். தான் செய்தது தவறா என்று கேட்டாள். மறுநாள் தொலைபேசியில் வந்தவர் டாக்டர் பரிமளா. அந்த சர்வரின் பொறுப்பாளர்.

"தப்பே இல்ல. அது எல்லாருக்கும் உரிமை உள்ள தரவு," என்றார் அவர். "என் ஆராய்ச்சிக்குச் சராசரி போதும். அதான் படிவத்தை அப்படிப் பண்ணினோம். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக் காட்டினா குடும்பம் மட்டுமில்ல, கம்பெனியும் பாக்கும். அளவு தாண்டினவங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"தாண்டியிருந்தா திரும்பி வரட்டும் மேடம். உயிரோட வரட்டும்."

ஒரு வாரத்தில் படிவம் தயாரானது. தமிழில் இரண்டே கட்டங்கள். உடை எண், தேதி. ஆண்கள் அனுப்பும் படங்களில் தோள்பட்டையில் அந்த எண் தெரியும். எல்லா வீட்டிலும் அது மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் பெண்கள் கூடினார்கள். ஒவ்வொருவராக எண்ணை அடித்தார்கள். திரையில் பச்சைக் கோடு படுத்தபடியே வந்தது. எல்லோருக்கும் குறைவு. கஸ்பாருக்கும் குறைவு.

மண்டபமே சிரித்தது. யாரோ லட்டு வாங்கிவர ஆள் அனுப்பினார்கள். "நல்ல வேளை," என்று ஒருத்தி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஞானப்பூ ராயப்பனின் எண்ணை அடித்துப் பார்த்தாள். கம்பெனி சொன்ன அதே அளவுதான். எழுந்து வெளியே போனாள்.

அவள் போனதுதான் ஜெசிந்தாவை உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி எண்களைத் திறந்தாள். கஸ்பார் ஒருமுறை சொல்லியிருந்தான், செப்டம்பரில் சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்று வந்ததாகவும், எச்சரிக்கை வந்து சேர்வதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டதாகவும். அந்த நாளை எடுத்துப் பார்த்தாள். தங்குமிடத்துச் சுவரில் பொருத்திய கருவி மலைபோல் ஏறியிருந்தது. வெளியே திறந்த வெளியில் நின்ற ஆண்களின் பொத்தான்கள் அசையவே இல்லை.

சுவருக்குள் மழை பெய்து, வாசலில் காய்ந்து கிடக்குமா?

அன்று பிற்பகல் கஸ்பார் அழைத்தான். நிலவுக்குச் சொல் போய் மறுசொல் திரும்ப இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். மணமான நாளிலிருந்து அவர்கள் பேசியதில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியோடுதான்.

"மார்புல இருக்க அந்தப் பொத்தான எங்க வச்சிருக்கிய?" என்றாள் ஜெசிந்தா.

இடைவெளி வந்தது. முடிந்தது. அவன் இன்னும் பேசவில்லை. நிலவு எவ்வளவு தூரம் என்று அவள் காதுக்குத் தெரியும். அதற்கு மேலும் நீண்ட மௌனம் கஸ்பாருடையது.

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னிய. செப்டம்பர்ல வெளிய நின்னேன்னு. ஒங்க பொத்தான் நிக்கலியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வெளிக்கதவுக்கு உள்பக்கம் இருக்க ஐஸ் கெடங்குல அடியில ஒரு டப்பா இருக்கு ஜெசி. வேலைக்கு எறங்குததுக்கு முன்னால எல்லாரும் கழத்தி அதுல போட்டுருவோம். சுத்தி அவ்வளவு ஐஸ் இருக்கதால கதிரு உள்ள வராது. மேஸ்திரிக்கும் தெரியும். பொத்தான் இல்லாம கதவு தொறக்காது, அவருதான் சாவி போட்டுத் தொறந்து விடுவாரு, பாத்தும் பாக்காத மாதிரி."

"ஏன்? எதுக்கு?"

"அளவு தாண்டுனா அடுத்த ராக்கெட்டுல எறக்கி விட்டுருவான். அதுக்கப்புறம் கூப்புடவே மாட்டான். வந்தவன் ஒவ்வொருத்தனும் வீட்ட எடுத்துக் கட்டணும், தங்கச்சியக் கட்டிக் குடுக்கணும்னுதான வந்துருக்கான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இத எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே ராயப்பண்ணன்தான்," என்றான்.

ஜெசிந்தா இதை ஞானப்பூவிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமல் இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பிறகு மருத்துவமனைக்கே போய் இருவர் முன்னாலும் சொன்னாள். ஞானப்பூ கணவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த கோபத்தைப் பார்க்க முடியாமல் ராயப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தது.

"புள்ளைக்குப் படிப்பு முடியட்டும்னு நெனச்சேன்," என்றார். "ஒரு வருசம்னு நெனச்சேன். அது நாலாயிட்டு. பெறவு புதுசா வந்த பயலுவளுக்கும் நல்லது செய்யுதோம்னு நெனச்சுச் சொல்லிக் குடுத்தேன்." திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தார். "ஊருக்குத் தெரியட்டும்மா. எம் பேரப் போட்டே சொல்லு. அங்க இருக்கவனுவ பாதிப் பேரு சின்னப் பயலுவ."

ஜெசிந்தா பரிமளாவை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அந்தச் சுவர்க் கருவி போன வருஷம் வச்சது," என்றார் அவர். "எண் ரொம்பப் பெருசா வந்துது. கருவியில பழுதுன்னு நானே ஒதுக்கி வச்சேன். ஏன் தெரியுமா? பள்ளத்தோட சுவரு கதிரைத் தடுக்குது, உள்ள இருக்கறவங்களுக்கு ஆபத்து கம்மின்னு அந்தப் பொத்தான் எண்களை வச்சுத்தான் நான் கட்டுரை எழுதியிருக்கேன். எனக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே அந்தக் கட்டுரைதான். அதைப் பாத்துட்டுத்தான் கம்பெனி தங்குமிடத்துக்கு மெல்லிசுச் சுவர் போதும்னு கட்டினாங்க."

ஜெசிந்தாவுக்கு மெல்லப் புரிந்தது. வேலைக்காக ஆண்கள் கருவியை ஒளித்தார்கள். ஒளித்ததால் எண் குறைந்தது. எண் குறைந்ததால் சுவர் மெலிந்தது. சுவர் மெலிந்ததால் தூங்கும்போதும் அவர்கள் உடம்பில் கதிர் பாய்ந்தது. இதில் யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை.

"உண்மையான அளவு இனிமே கெடைக்காதா மேடம்?"

"எங்கிருந்து கிடைக்கும்? அளக்கற கருவியே அங்க இல்லையே."

படிவம் செய்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த சர்வராக இருந்தாலும் அதில் என்னென்ன கேட்கலாம் என்று முழுப் பட்டியலையும் எடுத்துப் பார்த்துவிடுவாள். இந்த சர்வரிலும் பார்த்திருந்தாள். உடையின் வெப்பம், முழங்கால் மூட்டின் அழுத்தம், மிச்சக் காற்று என்று பொறியாளர்கள் பழுது பார்ப்பதற்காகச் சேர்த்துவைத்த தரவும் அங்கேதான் கிடந்தது. யாரும் கேட்காததால் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

"மேடம், 'தலைக்கவசக் கேமரா, கோளாறுப் புள்ளிகள்'னு ஒண்ணு இருக்கே. அது என்னது? செப்டம்பர் வெடிப்பு அன்னிக்கு அதுவும் எகிறி நிக்கு."

பரிமளா நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம் கேட்டது.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னாள்.

"ஜெசிந்தா! கதிர்த் துகள் கேமரா சில்லுல பட்டா படத்துல ஒரு வெள்ளைப் புள்ளி விழும். பழுதுன்னு நினைச்சு எண்ணி வச்சிருக்காங்க. அது பழுதில்ல. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கதிர். அந்தக் கேமராவை அவங்க கழட்டி வச்சுட்டுப் போக முடியுமா?"

"முடியாது மேடம். அந்த இருட்டுல அதுதான் கண்ணு. அது இல்லன்னா ஒரு அடி வைக்க முடியாது."

அடுத்த வாரங்களில் இருவரும் நூறு முறையாவது பேசியிருப்பார்கள். எத்தனை புள்ளிக்கு எவ்வளவு கதிர் என்று பரிமளா கணக்கிட்டார். அதே ரகக் கேமராவைக் கதிர்த் துகள்களைப் பாய்ச்சும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய்ச் சோதித்தார். ஜெசிந்தா படிவத்தை மாற்றினாள். உடை எண்ணை அடித்தால் இப்போது இரண்டு கோடுகள் வந்தன. பொத்தான் சொல்வது பச்சை. கேமரா சொல்வது சிவப்பு.

கஸ்பாரின் எண்ணை முதலில் அடித்துப் பார்த்தது அவள்தான். சிவப்புக் கோடு அனுமதி அளவைச் செப்டம்பர் வெடிப்புக்கு முன்பே தாண்டி, அதற்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

பரிமளா தன் பங்கைத் தாமதமில்லாமல் செய்தார். புகழ்பெற்ற அந்தக் கட்டுரை தவறு என்று தன் பெயரில் அறிவித்துத் திரும்பப் பெற்றார். கேமராவின் அளவே இனி அதிகாரப்பூர்வமான அளவு என்று ஆய்வுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. சக விஞ்ஞானிகள் சிலர் இரங்கல் தெரிவிப்பதுபோல் பேசினார்கள். "இரங்கல் எதுக்கு?" என்றார் பரிமளா ஜெசிந்தாவிடம். "பத்து வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா நிஜமான எண்ணைப் பாத்திருக்கேன்."

மண்டபத்தில் இரண்டாம் முறை கூடியபோது லட்டு இல்லை. சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இத வெளிய விட்டா எல்லாரையும் எறக்கி விட்டுருவானே," என்றாள் ஒருத்தி. "பொத்தான ஒளிச்சதுக்கு வழக்கும் போடுவான்."

"விடாட்டி எம் புருசன் கெடக்க எடத்துல ஒங்க புருசன் வந்து படுப்பாரு," என்றாள் ஞானப்பூ. அவள் குரல் உயரவில்லை. "முடிவு அங்க இருக்கவனுவளுக்குத்தான். அவனுவ ஒடம்பு. அனுப்பி வையி ஜெசி."

ஜெசிந்தா படிவத்தை நிலவுக்கு அனுப்பினாள். அங்கே ஒவ்வொருவனும் தன் எண்ணைத் தானே அடித்துப் பார்த்தான். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் சாப்பிடவில்லை என்று கஸ்பார் பிறகு சொன்னான். சிலர் வேலைநிறுத்தம் என்றார்கள். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. வேலைக்கு வராதவனின் ஒப்பந்தத்தை மறுநாளே ரத்து செய்துவிடலாம். கடைசியில் ஒரு வழி சொன்னது கஸ்பார்தான்.

"நிறுத்தவெல்லாம் வேண்டாம். வேலைக்குப் போவோம். ரூலுப்படி போவோம்."

மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்ட அத்தனை பேரும் டப்பாவிலிருந்து பொத்தானை எடுத்து மார்பில் மாட்டிக்கொண்டார்கள். வரிசையாக வெளிக்கதவின் முன் நின்றார்கள். பொத்தான் மாட்டியிருந்தால் மேஸ்திரியின் சாவி வேண்டாம், ஆனால் அளவு தாண்டியவருக்கு அந்தக் கதவு திறக்காது. அது கம்பெனியே போட்ட விதி, கம்பெனியே எழுதிய நிரல். கதவு ஒவ்வொருவனின் எண்ணையும் படித்தது. ஆய்வுத் திட்டத்தின் புதிய அளவைத் தேடி எடுத்தது. சிவப்பு விளக்கு. அடுத்தவன். சிவப்பு விளக்கு. அடுத்தவன்.

மேலாளர் ஓடிவந்தார். "என்னய்யா பண்றீங்க? வெளிய போங்க!"

"நாங்க ரெடிதான் சார்," என்றான் கஸ்பார். "கதவுதான் விட மாட்டேங்கு. ரூலு சார்."

புதிதாக வந்திறங்கிய நாலைந்து பேருக்கு மட்டுமே கதவு திறந்தது. நாலைந்து பேரால் அந்தச் சுரங்கத்தில் ஒரு வண்டிப் பனிக்கட்டிகூட ஏற்ற முடியாது. எல்லோரையும் இறக்கி அனுப்பலாம் என்றால் அத்தனை பேருக்கு ராக்கெட்டில் இடமில்லை, பதில் ஆளும் இல்லை. செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்பட வேண்டிய விண்கப்பல்கள் எரிபொருள் கேட்டு நின்றன. வழக்குப் போடலாம் என்றால், மேஸ்திரி தானே முன்வந்து, தனக்கும் மேலே யாருக்கெல்லாம் தெரியும் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டார். கம்பெனி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

தங்குமிடத்தின் மேல் ஆள் உயரத்துக்கும் அதிகமாக நிலவு மண்ணைக் கொட்டி மூட ஒப்புக்கொண்டார்கள். அளவு தாண்டியவர்களை இறக்கி விடுவதில்லை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை உள்ளே வேறு வேலை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். முன்பு வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கும் கேமராக் கணக்குப்படி கம்பெனிச் செலவில் சிகிச்சை. முதல் பெயர் ராயப்பன். சென்னைக்குக் கொண்டுபோய் அவர் தம்பியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவருக்கு ஏற்றினார்கள். மூன்றாம் மாதம் ஞானப்பூ ஒரு படம் அனுப்பினாள். ராயப்பனின் தலையில் பஞ்சுபோல முடி முளைத்திருந்தது. படத்தின் கீழே ஒரே ஒரு வரி: 'சண்டை போடுற அளவுக்குத் தெம்பு வந்துட்டு.'

கஸ்பார் இப்போது உள்ளே உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் வெட்டு இயந்திரத்தைக் கைப்பிடியால் ஓட்டினான். "ராசா மாதிரி இருக்கேன் ஜெசி," என்றான். "கால ஆட்டிக்கிட்டே பாறைய ஒடைக்கேன்." அவள் சிரித்தாள். சிரிப்பு அங்கே போய்ச் சேர, அவன் சிரிப்பு இங்கே வந்து சேர, இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின.

சில வாரங்கள் கழித்துப் பரிமளா அழைத்தார். குரலில் குறும்பு இருந்தது.

"உங்க படிவம் எத்தனை மொழியில இருக்குன்னு தெரியுமா? சர்வருக்கு வர்ற கேள்வியெல்லாம் நம்ம முகாமைப் பத்தியே இல்ல. ஒரு சுட்டி அனுப்பறேன், பாருங்க."

திறந்தால் அவளுடைய படிவமேதான். அதே இரண்டு கட்டங்கள், அதே நிறம். யாரோ அப்படியே நகலெடுத்து, முகாமின் பெயரை மாற்றி, எழுத்தையெல்லாம் தங்கள் மொழிக்கு மாற்றியிருந்தார்கள். அழுத்தும் பொத்தானில் அவள் 'கேள்' என்று எழுதியிருந்ததை மட்டும் அலங்காரம் என்று நினைத்தார்களோ என்னவோ, தமிழிலேயே விட்டிருந்தார்கள்.

அன்று மதியமே அந்தப் படிவத்துக்குச் சொந்தக்காரி அழைத்தாள். பெயர் மாரிசெல். பிலிப்பைன்ஸில் செபு தீவு. நிலவின் அடுத்த பள்ளத்தில், வேறொரு கம்பெனியின் சுரங்கத்தில் அவள் அண்ணன் இருந்தான். அவள் பேசப் பேசக் கணினி தமிழாக்கியது. பின்னால் பாட்டுச் சத்தமும் கைதட்டலும் கேட்டன.

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றாள் மாரிசெல். "எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அளவு மிகவும் குறைவாக இருக்கிறது. ஊரே கொண்டாடுகிறது. உங்களுக்கும் கேட்கிறதா?"

"கேக்கு," என்றாள் ஜெசிந்தா. "எத்தன கோடு தெரியுது ஒங்களுக்கு?"

"ஒன்றுதான். பச்சை. இன்னொன்று என்னவோ கேமரா என்று இருந்தது. எங்களுக்குத் தேவைப்படாது என்று எடுத்துவிட்டோம்."

ஜெசிந்தா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பாட்ட நிறுத்த வேண்டாம், அவங்க பாடட்டும்," என்றாள். "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி வந்து உக்காருங்க. நானும் கூடவே இருக்கேன். அத மறுபடி சேத்துருவோம்."